சிமுலேஷன் ஒன்று சொல்ல, ஸ்கோப் வேறொன்று காட்டினால்

சர்க்யூட் போர்டு வடிவமைப்பில் புதிதாக இறங்குகிற எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். சிமுலேஷனில், அதாவது கணினியில் சர்க்யூட்டை ஓட்டிப் பார்த்ததில், அலை சுத்தமாக இருந்தது. போர்டு செய்து வந்தபின், மின்னழுத்த அலையைத் திரையில் வரையும் ஆசிலாஸ்கோப்பின் புரோபை (தொட்டுப் பார்க்கும் முனையை) வைத்தால், அதே சிக்னல் துள்ளுகிறது, நெளிகிறது, மெதுவாக ஏறுகிறது. உடனே இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: சிமுலேஷனை நம்பக்கூடாது, அல்லது போர்டு சரியில்லை. பெரும்பாலும் இரண்டுமே தவறு. அந்த இரண்டு படங்களும் இரண்டு வேறு சர்க்யூட்டுகளைப் பற்றிப் பேசுகின்றன. சிமுலேஷன் காட்டுவது நாம் வரைந்த சர்க்யூட்டை. ஸ்கோப் காட்டுவது, செய்து வந்த போர்டும் அதன்மேல் நாம் வைத்த புரோபும் ஸ்கோப்பும் சேர்ந்த இன்னொரு சர்க்யூட்டை. இரண்டையும் ஒரே சர்க்யூட்டாக ஆக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓர் எளிய உதாரணம் எடுத்துக்கொள்வோம். எஃப்ஆர்4 என்ற கண்ணாடியிழைப் பொருளில் செய்த போர்டு, நாலு லேயர். ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (சீராகத் துடிக்கும் சிக்னல்) போகிறது. ஈத்தர்நெட் சிப்புகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற கிளாக் அதுதான். 3.3 வோல்ட். அதைக் கொண்டுபோகும் செம்புக் கோடான டிரேஸின் நீளம் 15 செ.மீ., இம்பீடன்ஸ் (ஓடும் அலைக்கு அது காட்டும் தடை) 50 ஓம். அனுப்புகிற சிப்பின் காலை ஒட்டி 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக இருக்கிறது. சிப்பின் உள்ளே சுமார் 17 ஓம் இருக்கும் என்று அதன் மாடல் சொல்வதால், இரண்டும் சேர்ந்து 50 ஓம் ஆகட்டும் என்று வைத்தது.

25 மெகாஹெர்ட்ஸ் என்றதும் இதெல்லாம் ஒரு வேகமா என்று தோன்றும். கிளாக் எத்தனை முறை துடிக்கிறது என்பதைவிட, அதன் விளிம்பு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் இங்கே கணக்கு. இன்றைய சிப் ஒன்று 0.5 நானோ செகண்டில் மேலே ஏறிவிடும். எஃப்ஆர்4 போர்டில் சிக்னல் 1 நானோ செகண்டில் சுமார் 15 செ.மீ. போகும். அலையின் தலை மறுமுனையைத் தொடுவதற்கு முன்பே விளிம்பு முழுதாக ஏறி முடிந்துவிடுகிறது. அப்படியானால் அந்த டிரேஸை வெறும் கம்பியாக நினைக்க முடியாது. அலை போய், மோதி, திரும்பி வருகிற பாதை அது. டிரான்ஸ்மிஷன் லைன் என்பார்கள்.

சரி, சிமுலேஷனில் பெறுகிற சிப்பின் முனையில் 0.5 நானோ செகண்டில் ஏறுகிற சுத்தமான விளிம்பு. லேபில், சாதாரண புரோபை வைத்துப் பார்த்தால் விளிம்பு ஏற 2 நானோ செகண்டு ஆகிறது. 4 வோல்ட்டைத் தாண்டிப் போய், 7 அல்லது 8 நானோ செகண்டுக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடி அடங்குகிறது. எங்கிருந்து வந்தது இது?

புரோபும் சர்க்யூட்டில் ஒரு பாகம்

முதலில் ஸ்கோப்பின் வேகத்தைப் பாருங்கள். ஸ்கோப்பின் முகப்பில் 350 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். 0.35-ஐ இந்த அலைவரிசையால் வகுத்தால் அதன் சொந்த ஏறும் நேரம் கிடைக்கும்: 1 நானோ செகண்டு. எவ்வளவு செங்குத்தான விளிம்பைக் கொடுத்தாலும் இந்த ஸ்கோப் அதை 1 நானோ செகண்டாகத்தான் வரையும். புரோபுக்கும் இப்படி ஒன்று உண்டு. 500 மெகாஹெர்ட்ஸ் புரோப் என்றால் 0.7. சிக்னல், ஸ்கோப், புரோப் மூன்றின் ஏறும் நேரத்தையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.25, 1, 0.49; கூட்டினால் 1.74, வர்க்கமூலம் 1.32. நிஜத்தில் 0.5 நானோ செகண்டில் ஏறுகிற விளிம்பு, எல்லாம் ஒழுங்காக இருந்தாலே, திரையில் 1.3 நானோ செகண்டாகத் தெரியும். இது தோராயமான சூத்திரம்தான், ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்கோப் பக்கம் போக வேண்டும் என்பேன். என்ன தெரியும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், தெரிவதில் எது புதுசு என்று உடனே பிடிபடும்.

2 நானோ செகண்டில் 1.3-க்குக் கணக்கு கிடைத்துவிட்டது. மீதியும் அந்த ஆட்டமும் புரோபின் கிரவுண்டு (சுழிய வோல்ட் இணைப்பு) வயரிலிருந்து வருகின்றன. புரோபோடு வருகிற, முனையில் கிளிப் வைத்த வயர் சுமார் 15 செ.மீ. நீளம். கம்பிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 1 நானோ ஹென்றி என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்; அப்படியானால் 150 நானோ ஹென்றி. புரோபின் முனையில் 10 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ். இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் தனக்கென்று ஓர் ஒத்ததிர்வு இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கு அது 130 மெகாஹெர்ட்ஸ், அதாவது 7.7 நானோ செகண்டுக்கு ஒரு ஆட்டம். திரையில் பார்த்த ஆட்டம் அதேதான். போர்டில் அப்படி எதுவுமே இல்லை. பார்க்கப் போன கருவி கொண்டுவந்தது.

இதைச் சோதிக்க வழி எளிது. கிளிப் வயரைக் கழற்றிவிட்டு, புரோபின் மூக்கருகே சுற்றிக்கொள்கிற குட்டி ஸ்பிரிங்கைப் போடுங்கள். கிரவுண்டு பாதை ஒரு சென்டிமீட்டருக்குச் சுருங்கும், இண்டக்டன்ஸ் 10 நானோ ஹென்றிக்கு இறங்கும், ஒத்ததிர்வு 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறிப் போய்விடும். போர்டில் எதையும் தொடவில்லை, ஆனால் திரையில் அலை மாறிவிட்டது என்றால், மாறிய பகுதி போர்டுக்குச் சொந்தமில்லை. ஸ்பிரிங் போட ஏதுவாக ஒவ்வொரு முக்கிய சிக்னலுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்டு பேடை (வெறும் செம்புத் திட்டை) வடிவமைப்பின்போதே விட்டுவைப்பது நல்ல பழக்கம். பிறகு போர்டின் மேல் பூசிய சோல்டர் மாஸ்க்கைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

புரோபின் மேல் 10 மெகா ஓம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது சர்க்யூட்டைத் தொந்தரவு செய்யாது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த 10 மெகா ஓம் நேர்மின்னோட்டத்துக்கு மட்டும்தான். 10 பிக்கோ ஃபாரட் 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 160 ஓம்; 1 ஜிகாஹெர்ட்ஸில் வெறும் 16 ஓம். 50 ஓம் டிரேஸின் மேல் 16 ஓமைத் தொங்கவிட்டால் அது சும்மா இருக்குமா? இதனால்தான் வேகமான சிக்னல்களுக்கு, 1 பிக்கோ ஃபாரட்டுக்கும் குறைவான ஆக்டிவ் புரோப் வாங்குகிறார்கள். அதன் விலை கட்டுப்படியாகாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 50 ஓம் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியில் 450 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக சோல்டர் செய்து, மறுமுனையை ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் செருகுங்கள். பத்தில் ஒரு பங்கு காட்டும் புரோப் தயார், கெப்பாசிட்டன்ஸும் மிகக் குறைவு. ஆனால் இது 500 ஓம் சுமை. நம் கிளாக்கின் உச்சம் 3.3-லிருந்து 3 வோல்ட்டாக இறங்கிவிடும். அது தெரிந்த, கணக்கில் சேர்க்கக்கூடிய இழப்பு. எனக்கு மிகவும் பிடித்த புரோப் இதுதான்.

இங்கிருந்து ஒப்பிடுகிற வேலை தொடங்குகிறது. எந்தப் புரோபை வைத்தீர்களோ அதையே சிமுலேஷனிலும் வையுங்கள். அளந்த அதே இடத்தில் 10 பிக்கோ ஃபாரட், அதன் அடியில் கிரவுண்டுக்குப் போகும் வழியில் 150 நானோ ஹென்றி, அதற்குப் பிறகு ஸ்கோப்பின் வேகத்துக்கு ஒரு ஃபில்டர். இப்போது சிமுலேஷனும் 130 மெகாஹெர்ட்ஸில் ஆடும், விளிம்பும் 2 நானோ செகண்டுக்கு இழுக்கும். ஆடினால் புரோபைப் பற்றிய நம் புரிதல் சரி. அப்புறம் இரண்டிலும் வயருக்குப் பதில் ஸ்பிரிங்கை வைத்து மறுபடி ஒப்பிடலாம்.

எந்த இடத்தில் வைத்தீர்கள்?

அடுத்த கேள்வி இடம். சிமுலேஷனில் பெறுகிற சிப்பின் உள்ளே, சிலிக்கனின் மேலேயே போய்ப் பார்க்கலாம். லேபில் அங்கே புரோப் போகாது. கால்கள் அடிப்பக்கம் உருண்டைகளாக இருக்கும் பிஜிஏ வகைச் சிப் என்றால் கால்கூடக் கண்ணில் படாது. போர்டின் பின்பக்கம் உள்ள வியா, அதாவது லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளை, அதுதான் கிடைக்கும். நிறையப் பேர் கை எட்டுகிற இடம் என்று தொடர் ரெசிஸ்டரின் காலிலேயே புரோபை வைத்துவிடுவார்கள். அங்கே வைத்தால் என்ன தெரியும் தெரியுமா? விளிம்பு 1.65 வோல்ட் வரை ஏறி, 2 நானோ செகண்டு அப்படியே படிக்கட்டுபோல நின்று, பிறகு 3.3-க்கு ஏறும்.

இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. தொடர் ரெசிஸ்டர் வைத்த லைன் வேலை செய்கிற விதமே அதுதான். சிப்பும் ரெசிஸ்டரும் சேர்ந்த 50 ஓம் மூலமும் 50 ஓம் லைனும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. பாதி அலைதான் கிளம்புகிறது. 1 நானோ செகண்டில் மறுமுனையை அடைகிறது. அங்கே சிப்பின் உள்ளீடு கிட்டத்தட்டத் திறந்த முனை என்பதால் அலை முழுதாகப் பிரதிபலித்து, அந்த இடத்தில் இரட்டிப்பாகி 3.3 ஆகிறது. பிரதிபலித்த அலை திரும்பி வர இன்னும் 1 நானோ செகண்டு. அதுவரை ரெசிஸ்டர் பக்கம் பாதியில்தான் நிற்கும். மறுமுனையில் இருக்கும் சிப்புக்கு இந்தப் படிக்கட்டு தெரியவே தெரியாது. மறுமுனைக்கு 3 செ.மீ. முன்னால் வைத்தால் படிக்கட்டு 0.4 நானோ செகண்டாகச் சுருங்கி, விளிம்பில் ஒரு சின்னக் கூனாகத் தெரியும்.

ஆகவே, அளந்த புள்ளியை மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டு, சிமுலேஷனில் லைனை அதே இடத்தில் இரண்டாக வெட்டி, அங்கே பாருங்கள். அந்தப் புள்ளியில் இரண்டும் ஒத்துப்போனால், கை போகாத சிலிக்கனில் சிமுலேஷன் காட்டுவதை நம்ப ஒரு காரணம் கிடைக்கும்.

சிமுலேஷன் பக்கத்துக் குறைகள்

குற்றம் எல்லாம் லேப் பக்கம் இல்லை. ஸ்பைஸ் என்ற நிரல் 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இன்று நாம் ஓட்டுகிற சர்க்யூட் சிமுலேட்டர்களில் பல அதன் வழிவந்தவை. அது காலத்தைச் சின்னச் சின்ன அடிகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. அடி பெரிதாக இருந்தால் 0.5 நானோ செகண்டு விளிம்பு அதற்குச் சரியாகத் தெரியாது. டிரப்பசாய்டல் என்ற கணக்கு முறையில் இன்னொரு தொல்லை: சில சர்க்யூட்டுகளில், ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழுமாகத் தாவுகிற ஒரு போலி ஆட்டம் வரும். அடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆட்டத்தின் வேகமும் கூடவே மாறினால் அது சர்க்யூட்டில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

சிமுலேஷனின் கிரவுண்டு எங்கே தொட்டாலும் சுழியம். பவர் சப்ளை எவ்வளவு மின்னோட்டம் இழுத்தாலும் 3.3 வோல்ட். போர்டில் இரண்டுமே அப்படி இருக்காது. 16 பின்கள் ஒரே நேரத்தில் மாறினால் சிப்பின் உள்ளே கிரவுண்டே துள்ளும். அதனால் முதல் ஒப்பீட்டை ஒரே ஒரு பின் மாறும்போது செய்யுங்கள். மற்றவற்றைச் சும்மா இருக்கச் சொல்லும் ஒரு சோதனை நிரலை ஃபர்ம்வேர்க்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

சிப் மாடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிப் நிறுவனங்கள் தங்கள் உள் சர்க்யூட்டைத் தர மாட்டார்கள். அதற்குப் பதிலாக 1993-இல் தொடங்கிய ஐபிஸ் என்ற வடிவில், மின்னோட்ட–மின்னழுத்த அட்டவணைகளைத் தருகிறார்கள். அதில் மூன்று வரிசை: வழக்கமானது, குறைந்தது, கூடியது. கையில் இருக்கும் சிப் இந்த மூன்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கும். வழக்கமான வரிசையைப் போட்டு ஓட்டிவிட்டு, லேபில் ஒத்துவரவில்லை என்று வருத்தப்படுவது நியாயமில்லை. போர்டில் இருக்கும் நிஜ மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பார்த்து, சிப்பின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, அவற்றைக் கொடுத்து ஓட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஐபிஸ் ஏறும் நேரத்தை 20 முதல் 80 சதவீதம் வரை சொல்கிறது, ஸ்கோப் பெரும்பாலும் 10 முதல் 90 வரை அளக்கிறது. ஒரே விளிம்புக்கு இரண்டு எண்கள் வரும். இதை மறந்துவிட்டு நாள் கணக்கில் சண்டை நடப்பதுண்டு.

மிச்சம் இருக்கும் வித்தியாசம்

கிளிப் வயரை எடுத்து, ஸ்பிரிங் போட்டு, புரோபைச் சிமுலேஷனிலும் சேர்த்தாகிவிட்டது. பெரிய ஆட்டம் போய்விட்டது. ஆனால் பெறுகிற முனையில் உச்சம் 3.6 வோல்ட்டைத் தொட்டு, 2 நானோ செகண்டு நின்று, 3.3-க்கு இறங்குகிறது. சிமுலேஷனில் இது இல்லை. இந்த 0.3 வோல்ட்தான் போர்டு நம்மிடம் சொல்ல வந்த செய்தி.

இப்போது ரெசிஸ்டர் பக்கத்துப் படிக்கட்டு கைகொடுக்கும். அங்கே புரோபை வையுங்கள். 1.65-இல் நிற்க வேண்டிய படி 1.8 வோல்ட்டில் நிற்கிறது. 3.3-ஐ லைனின் 50 ஓமும், மூலத்தின் மொத்த ஓமும் பங்குபோட்டதில் லைனுக்கு 1.8 வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் மூலத்தின் மொத்தம் சுமார் 42 ஓம். அதில் 33 நாம் வைத்தது. ஆக, சிப்பின் உள்ளே இருப்பது 9 ஓம்தான்; மாடலின் வழக்கமான வரிசை சொன்ன 17 இல்லை. 1.8-இன் இரட்டிப்பு 3.6 என்பதும் பொருந்துகிறது. நமக்கு வந்திருப்பது வலுவான, வேகமான பக்கத்துச் சிப்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் லைன் 50 ஓம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. போர்டு செய்து தருபவர்கள் வழக்கமாக ±10 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருவார்கள். 45 முதல் 55 வரை எதுவும் வரலாம். அழுத்தி ஒட்டும்போது லேயர்களின் தடிமன் மாறும், அரித்தெடுத்த டிரேஸின் குறுக்குவெட்டு செவ்வகமாக இல்லாமல் சரிவகமாக இருக்கும், மேலே பூசும் சோல்டர் மாஸ்க் இம்பீடன்ஸைச் சில ஓம்கள் இறக்கும். எனவே போர்டோடு வந்த சோதனைத் துண்டின் (போர்டோடு சேர்த்தே செய்த மாதிரி டிரேஸின்) அறிக்கையைப் பாருங்கள். டிடிஆர் (ஒரு விளிம்பை அனுப்பி, திரும்பி வரும் பிரதிபலிப்பிலிருந்து இம்பீடன்ஸை அளக்கும்) கருவி கிடைத்தால் அந்த டிரேஸையே அளந்துவிடுங்கள். லைனின் எண் லைனை அளந்து வர வேண்டும், சிப்பின் எண் சிப்பை அளந்து வர வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிமுலேஷனில் திருப்புவதற்குப் பல திருகுகள் இருக்கின்றன. இஷ்டத்துக்குத் திருப்பினால் எந்த அலையையும் எந்த அலையோடும் ஒட்டவைத்துவிடலாம். கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் ஐந்தாம் தலைமுறைபோல 16 ஜிகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் இழப்பைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இது பெரிய ஆபத்து. அங்கே, ஒவ்வொரு அலைவரிசையிலும் சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் நெட்வொர்க் அனலைசரில் அளக்கிறார்கள். அளவில் கலந்துவிட்ட கனெக்டர்களின் பங்கைக் கணக்கால் கழிக்கிறார்கள். அதற்கு 2020-இல் ஐ.இ.இ.இ. 370 என்ற தரநிலையே வந்தது. கழித்த பிறகும் அளந்த இழப்பு சிமுலேஷனைவிடக் கூடுதலாக இருந்தால், போர்டுப் பொருளின் இழப்பு எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். ஆனால் நிஜக் காரணம் செம்பின் சொரசொரப்பாக இருக்கலாம். 1 ஜிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 2.1 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடும், 10 ஜிகாஹெர்ட்ஸில் 0.66 மைக்ரான். போர்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே செம்பை மைக்ரான் அளவில் சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். மின்னோட்டம் அந்த மேடுபள்ளத்தில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். செம்பின் பழியைப் பொருளின்மேல் போட்டுவிட்டு, அடுத்த போர்டில் டிரேஸை அகலமாக்கினால் கணக்கு தப்பும். அகலத்தோடு செம்பின் இழப்பு குறையும், பொருளின் இழப்பு அப்படிக் குறையாது. இரண்டையும் பிரிக்க, சோதனைப் போர்டில் இரண்டு வேறு அகலத்தில் டிரேஸ் போட்டு அளப்பார்கள். ஒரே எண்கள் இரண்டுக்கும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

நம் கிளாக்குக்கும் அப்படி ஒரு சோதனை வைக்கலாம். டிடிஆர் லைனை 50 ஓம் என்றே காட்டியது, சிப் 9 ஓம் என்று வந்தது என்றால், 33-ஐ எடுத்துவிட்டு 39 ஓம் போட்டால் மொத்தம் 48. படி எங்கே நிற்கும் என்று ரெசிஸ்டரை மாற்றுவதற்கு முன்பே கணக்கிட்டு எழுதி வையுங்கள்: 1.68 வோல்ட். பெறுகிற முனையில் உச்சம் சுமார் 3.37. இப்போது சோல்டரிங் அயனை எடுத்து ரெசிஸ்டரை மாற்றி, அதே புரோப், அதே ஸ்பிரிங், அதே இடம், மறுபடி பாருங்கள். ஸ்கோப்பிலிருந்து சிஎஸ்வி கோப்பை எடுத்து, சிமுலேஷனின் கோட்டோடு ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு திரைகளை மாறி மாறிப் பார்த்தால் கண் ஏமாற்றும்.

1.68-ஐ ஒட்டி வந்துவிட்டால், மாடல் இனி கையில் இல்லாத சிப்புகளைப் பற்றியும் பேசத் தகுதி பெற்றுவிட்டது. மெதுவான வரிசை, வேகமான வரிசை, 45 ஓம் லைன், 55 ஓம் லைன், சூடான சிப், குளிர்ந்த சிப் என்று எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டி, 39 ஓம் அத்தனைக்கும் தாங்குமா என்று பார்க்கலாம். 1.75 என்று வந்தால் நம் 9 ஓம் தவறு, அல்லது லைன் 50 ஓம் இல்லை. டிடிஆரை ரெசிஸ்டர் பேடிலிருந்தே மறுபடி ஓட்டி, அந்த முதல் ஒரு சென்டிமீட்டரில் இம்பீடன்ஸ் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.